கடைசியில் வரும் வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், ஏரிப் பூங்காவின் பின்வாசலில் குனிந்து நின்று வேணு டயர்களை அமுக்கிக்கொண்டிருப்பார். ஓர் அமுக்கு, பிறகு காதை டயருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு கணம். காற்று கசிகிறதா என்று கேட்கிறாராம். பன்னிரண்டு சைக்கிள்களுக்கும் இந்தக் கவனிப்பு உண்டு, ஆனால் ஒரு வரிசைப்படிதான். முதலில் ஜகந்நாதன் சாரின் சைக்கிள். அடுத்து ராஜம் மேடத்தின் சைக்கிள். அதற்கடுத்து சேஷு சாருடையது. யாராவது இடம் மாறி நிறுத்தியிருந்தால் அந்தச் சைக்கிளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விட்டு, அதற்குரிய முறை வரும்போது திரும்பி வருவார்.

"எல்லாத்துலயும் காத்து இருக்கு. கெளம்பலாம்" என்று நிமிர்வார். நிமிரும்போது இடுப்பு ஒரு சத்தம் போடும். அதையும் கேட்டுக்கொள்வார்.

வயது அறுபத்து நான்கு. ஒல்லியான உடம்பு. சைக்கிள் ஓட்ட வரும்போதும் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. செயினில் மாட்டாமலிருக்க வலது காலின் பேண்ட்டை மட்டும் சாக்ஸுக்குள் செருகியிருப்பார். மார்ச் முடியும்வரை தலையில் குரங்குக் குல்லாய். அதற்கு மேல் ஹெல்மெட். கழுத்தில் இரண்டு கயிறுகள். ஒன்றில் விசில், இன்னொன்றில் லேமினேஷன் செய்த ஒரு கடிதம். நாற்பது வருடத்துக்கு முன்னால் மத்திய அரசில் கீழ்நிலை எழுத்தராக அம்பாசமுத்திரத்திலிருந்து தில்லிக்கு வந்தவர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து, ஓய்வு பெற்றதும் மயூர் விஹாரில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டுக்குக் குடிவந்தார். பேச்சில் அம்பாசமுத்திரம் அப்படியே இருக்கிறது. நடுநடுவே ஹிந்தி வந்து உட்கார்ந்துகொண்டு போகும்.

ஏரியைச் சுற்றிக் கல் பாவிய பாதை. ஒரு சுற்று இரண்டேமுக்கால் கிலோமீட்டர். நடப்பவர்களுக்கான பாதை என்பதால் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும், வழிகாட்டியோடு குழுவாக வந்தால் விடுவார்கள். அந்த அனுமதியை எழுதி எழுதி வாங்கியவர் வேணு. லேமினேஷனுக்குள் இருப்பது அந்தக் கடிதம்தான்.

நான் சிங்கப்பூரிலிருந்து வேலை நிமித்தம் தில்லிக்கு வந்தவள். எங்கள் ஊரில் ஏரிக்கரைப் பாதையில் எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்பது முதல் நீருடும்பைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது வரை பலகை உண்டு. இங்கே முதல் நாள் போனபோது, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, நாய்கள் எப்படி, காற்று மாசுக் குறியீடு முந்நூற்றைத் தாண்டினால் பயணம் உண்டா என்று மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருந்தேன். வேணு ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார்.

"மேடம், உங்க பே லெவல் என்ன?"

எங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்றும் கிடையாது என்றேன்.

"லெவலே இல்லாம எப்படிச் சம்பளம் குடுக்கான்?" அவருக்கு என்மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். "பாரின்ல இருந்து வந்திருக்கீய. டெபுடேஷன்னு வச்சுக்கிடுவோம். நீங்க பத்தாவது."

அப்போதுதான் புரிந்தது. இந்தக் குழு பதவி மூப்புப்படி சைக்கிள் ஓட்டுகிறது.

யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த விஷயமல்ல இது. முதல் ஞாயிறு, வந்த வரிசையில் கிளம்பியிருக்கிறார்கள். வேணு முன்னால். துணைச் செயலாளராக ஓய்வு பெற்ற ஜகந்நாதன் சார் அவருக்குப் பின்னால். வேணு பதினோரு வருடம் அவருடைய பிரிவில் வேலை பார்த்தவர். "முதுகுல ரெண்டு கண்ணு குத்துத மாதிரியே இருந்துச்சு மேடம். சார் ஒண்ணும் சொல்லல. ஆனா நான் முன்னால போறேன், சார் பின்னால வாராரு. பாக்கதுக்கே நல்லாவா இருக்கு?" அடுத்த ஞாயிறு தட்டச்சு செய்த வரிசைப் பட்டியலோடு வந்தார். எல்லோரும் அதை வாங்கித் தங்கள் பெயரைத் தேடி, சரியான இடத்தில் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள். ஒரே ஓர் ஆட்சேபம்தான் வந்தது. ராஜம் மேடமும் சேஷு சாரும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள், ஒரே பதவியில் ஓய்வு பெற்றவர்கள். யார் முன்னால்?

"நான் ஃபோர்நூன்ல ஜாயின் பண்ணேன். சேஷு ஆஃப்டர்நூன். அன்னிக்கு அவரோட ரயில் லேட்டு" என்றார் ராஜம். முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய ரயில் தாமதம். சேஷு சார் மூன்றாம் இடத்துக்கு நகர்ந்தார்.

விமானப் படையில் வாரண்ட் ஆபீசராக இருந்த சுரேஷ்குமாரை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு மூன்று வாரம் பிடித்திருக்கிறது. சிவில் பதவிக்கும் ராணுவப் பதவிக்கும் சமநிலை பார்க்க வேண்டும் அல்லவா. "அது வரைக்கும் என்னைய ப்ரொவிஷனலா ஓட்டச் சொன்னாருங்க. ப்ரொவிஷனலா எப்படிங்க ஓட்டுறது? ஒரு கால்லயா?" என்று சுரேஷ்குமார் இன்றைக்கும் கேட்பார். கேட்டுக்கொண்டே ஒன்பதாவது இடத்தில் ஒழுங்காக வருவார்.

எனக்குப் பின்னால் வைஷ்ணவி. தில்லியிலேயே பிறந்த பெண், இருபத்தாறு வயது, குருகிராமில் ஏதோ ஸ்டார்ட்டப்பில் வேலை. இருபத்தொரு கியர் உள்ள சைக்கிள். அந்தக் கியர்களில் இரண்டாவதைத் தாண்டி அவள் போனதே இல்லை. முன்னால் கியரே இல்லாத பத்துச் சைக்கிள்கள் இருக்கின்றனவே. அவளுக்கும் பின்னால், பன்னிரண்டாவதாக, வழிகாட்டி வேணு. வைஷ்ணவியைவிடவா நீங்கள் கீழே என்று ஒருமுறை கேட்டேன். "அந்தப் பிள்ளைக்கு என்ன லெவல்னே புரியல. புரியாததை முன்னால விட்டுட்டு நாம பின்னால வரது நல்லது" என்றார்.

கடைசியில் வருகிறவர் எப்படி வழிகாட்டுவது? அதற்கு விசில் இருக்கிறது. ஒரு விசில் என்றால் மெதுவாக. இரண்டு என்றால் நடப்பவர்களுக்கு வழி விடுங்கள். மூன்று என்றால் நில். எந்த விசிலை ஊதுவது என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆகவே ஜகந்நாதன் சார் பாதையில் ஒரு நாய் படுத்திருப்பதைக் கண்டால் ராஜம் மேடத்திடம் சொல்வார், அவர் சேஷுவிடம், இப்படிப் படிப்படியாகச் செய்தி பன்னிரண்டாவது ஆளிடம் வந்து சேரும். வேணு யோசித்து முடிவெடுத்து ஊதுவார். அதற்குள் நாய் எழுந்து சோம்பல் முறித்து மறுகரைக்குப் போயிருக்கும். விசில் சத்தம் கேட்டு நாங்கள் மட்டும் நிற்போம்.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்புவது செய்தியல்ல, சுற்றறிக்கை. "பொருள்: ஞாயிறு சைக்கிள் பயணம் தொடர்பாக" என்றுதான் ஆரம்பிக்கும். வராதவர்கள் விடுப்புக் கடிதம் போட வேண்டும். சேஷு சார் பேத்தியின் காதுகுத்துக்குச் சென்னை போய் இருபது நாள் கழித்து வந்தபோது, "இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன்" என்று குழுவில் எழுதினார். முற்பகல் என்பதை அழுத்தியிருந்தார். ராஜம் மேடம் அதற்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டார்.

இந்த விளையாட்டையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், ஒருநாள் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். நான்கே பத்தி. அனுமதி, நேரம், நிபந்தனைகள், நன்றி.

"விலாசத்தைப் படிங்க மேடம்" என்றார்.

திரு. வேணு, வழிகாட்டி, சைக்கிள் குழு, மயூர் விஹார்.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸு. எத்தனை ஆயிரம் லெட்டர் டிராஃப்ட் போட்டிருப்பேன். கையெழுத்து பூரா மத்தவங்கது. எனக்குன்னு கவர்மெண்ட்ல இருந்து வந்தது ரெண்டே காயிதம். ஒண்ணு வேலைக்கு வான்னு. இன்னொண்ணு வீட்டுக்குப் போன்னு." கடிதத்தைத் திருப்பி வாங்கிச் சட்டையில் துடைத்தார். "இது மூணாவது. கீழ பாத்தீயளா, நகல்னு போட்டு நாலு ஆபீசுக்குப் போயிருக்கு. எம்பேரு நாலு ஆபீஸ் ஃபைல்ல இருக்கு."

அந்தக் கடிதத்துக்குத்தான் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆபத்து வந்தது.

பாதையில் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் ஏரியோடு போகும். இடப்பக்கம் நாற்றுப் பண்ணைக்குள் நுழைந்து ஓர் இலை எருக் குவியலில் முடிந்துவிடும். அன்று வலப்பக்கம் முழுக்க இலவம் பூக்கள் சிவப்புச் சிவப்பாக உதிர்ந்து கிடந்தன. வழுக்கிவிடுமோ என்று ஜகந்நாதன் சார் இடப்பக்கம் திரும்பினார். ராஜம் மேடம் திரும்பினார். சேஷு சார் திரும்பினார். இத்தனை மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஏரியைச் சுற்றி வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். பாதை நன்றாகத் தெரிந்த நானும் திரும்பினேன். வைஷ்ணவி மட்டும், "அங்கிள், யே ராங் ஹை, ரைட்ல போணும்" என்று கத்தினாள். கத்தியபடியே அவளும் திரும்பினாள்.

வேணு மூன்று விசில் ஊதினார். எல்லோரும் நின்றோம். ஜகந்நாதன் சாரின் முன்சக்கரம் எருவுக்குள் நின்றது.

இரண்டு பக்கமும் நாற்றுத் தொட்டிகள். நடுவில் ஒரு சைக்கிள் அகலத்துக்குத்தான் பாதை. அவரவர் நின்ற இடத்திலேயே சைக்கிளைத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். ஆனால் அப்படித் திரும்பினால் வேணு முதலாவதாகவும் ஜகந்நாதன் சார் கடைசியாகவும் ஆகிவிடுவார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. யாரும் திரும்பவும் இல்லை. கடைசியில் நாங்கள் பதினோரு பேரும் சைக்கிள்களைத் தூக்கித் தொட்டிகளோடு ஒட்டி நிற்க, நடுவில் ஜகந்நாதன் சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அணிவகுப்பைப் பார்வையிடுகிறவர்போல வெளியே நடந்தார். பிறகு ராஜம். பிறகு சேஷு. பத்தொன்பது நிமிடம் ஆனது. செவ்வந்தித் தொட்டிகள் நான்கு கவிழ்ந்தன.

பூங்கா மேற்பார்வையாளர் தோமர் வந்தார். கனத்த மீசை, கையில் ஒரு டயரி. வழிகாட்டி யார் என்று ஹிந்தியில் கேட்டார். ஜகந்நாதன் சார் சக்கரத்து எருவைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார். மற்ற பத்துப் பேரின் கைகளும் பின்னால் காட்டின.

"கைடு பீச்சே?" என்றார். வழிகாட்டி பின்னாலா? நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் கேட்டார். வேணுவின் கழுத்திலிருந்த கடிதத்தைப் பிடித்து இழுத்து, மூன்றாவது பத்தியில் விரலை வைத்தார். வழிகாட்டி குழுவுக்கு முன்னால் செல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. அடுத்த ஞாயிறு மரப்பாலத்தில் நிற்பேன், வழிகாட்டி முதலில் பாலத்தைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் காகிதத்தை அங்கேயே வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் என்ன சிரமம் என்று எனக்குத் தோன்றியது. முன்னால் போக வேண்டும், அவ்வளவுதானே. ஜகந்நாதன் சாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்னன்னு சொல்ல? 'சார், தள்ளுங்க, நான் முன்னால போகணும்'னா?" வேணு என்னைப் பார்த்த பார்வையில், வெளிநாட்டில் படித்தவர்களுக்குப் புத்தி இவ்வளவுதான் என்ற முடிவு தெரிந்தது. இருந்தாலும் அன்று மாலை சாருக்குப் போன் செய்திருக்கிறார். பத்து நிமிடம் பேச்சு. சாரின் கண் ஆபரேஷன், மருமகளின் மாற்றல், மலை மந்திரில் பங்குனி உத்திரத்துக்கு எத்தனை மணிக்கு அபிஷேகம், எல்லாம் பேசியாயிற்று. "வேற என்ன வேணு?" என்று சார் கேட்டதற்கு, "வேற ஒண்ணும் இல்ல சார்" என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை மாலை, சொசைட்டிக்கு உள்ளேயே ஓர் ஒத்திகை வைத்தாள் வைஷ்ணவி. நான்தான் ஜகந்நாதன் சார். மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். வேணு என்னை முந்த வேண்டும்.

"சிம்பிள், அங்கிள். பெல் அடிங்க, ரைட்ல நிகல் ஜாவோ, தாண்டிடுங்க, அவ்ளோதான்."

பெல்லுக்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சாருக்குப் பின்னால நின்னு பெல் அடிக்கவா? என்னம்மா சொல்லுத?" பெல் இல்லாமலே வந்தார். என் பின்சக்கரம் வரை நன்றாக வருவார், அங்கே கால் நின்றுவிடும். மூன்று முறை முயன்றோம். நான்காவது முறை என் பக்கவாட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் தன்னையறியாமல், "நமஸ்காரம் சார்" என்று சொல்லிப் பின்வாங்கினார். எனக்கே கொஞ்சம் பதவி வந்துவிட்டதுபோல் இருந்தது.

"மேடம், நீங்கன்னு நெனச்சா முந்திருவேன். சாருன்னு நெனச்சா கால் வர மாட்டேங்கு" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

வழி ஒன்றைக் கண்டுபிடித்தவர் ராஜம் மேடம். வழிகாட்டியின் பெயரையே மாற்றிவிட்டால்? ஜகந்நாதன் சாரை வழிகாட்டி என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அவர் எப்படியும் முன்னால்தான் போகிறார். யாரும் யாரையும் முந்த வேண்டாம். "ஒரு அப்ளிகேஷன், முடிஞ்சு போச்சு. ஏன் எல்லாரும் இப்படி மண்டையை உடைச்சுக்கறேள்?"

சாரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. மற்ற எல்லோருக்கும் பிடித்திருந்தது. வேணுவும் நல்ல யோசனை என்றார். சனிக்கிழமை நான் அவருடைய வீட்டுக்கு டயர் பம்ப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை எழுதி முடித்திருந்தார். அழகான கையெழுத்து. கீழே தன் பெயரையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். அவருடைய மனைவி மாலா எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"கொண்டு போய்க் குடுங்க" என்றார் மாலா, தலை நிமிராமல். "முப்பத்தாறு வருஷம் அடுத்தவுக கையெழுத்துப் போடுததுக்கு எழுதிக் குடுத்தீய. இப்ப அதிசயமா ஒரு காயிதம் உங்க பேருல வந்துச்சு. அதையும் அவுக பேருக்கே மாத்திக் குடுத்துட்டு வாங்க. வரும்போது அந்த லேமினேஷனையும் கிழிச்சுப் போட்டுட்டு வந்துருங்க."

"லேமினேஷன் கிழியாது மாலா."

"அப்பக் கத்திரிக்கோல் தாரேன்."

 வேணு விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பேனாக்களுக்கு நடுவில் வைத்தார். கொடுக்கப் போகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. தோமர் காகிதத்தை வாங்கிக்கொண்டால் ஞாயிறு சைக்கிள் போய்விடும் என்ற கவலையைவிட, கழுத்தில் ஒற்றைக் கயிறோடு நிற்கும் வேணுவை எப்படிப் பார்ப்பது என்ற கவலை பெரிதாக இருந்தது.

ஞாயிறு காலை. டயர்கள் அமுக்கப்பட்டன. காதுகள் வைக்கப்பட்டன. ஜகந்நாதன் சார் வழக்கம்போல் முன்னால் நின்றார். காலைத் தூக்கிப் போட முடியாததால் அவருடையது லேடீஸ் சைக்கிள். முன்கூடையில் ஒரு ஃபிளாஸ்க். எல்லோரும் வேணுவைப் பார்த்தோம். அவர் நேராகப் போய் வைஷ்ணவிக்குப் பின்னால் நின்றுகொண்டார். கையில் விண்ணப்பம் இல்லை. பையில் அதன் முனை தெரிந்தது.

"கெளம்பலாம்" என்றார்.

மரப்பாலம் வாசலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். இருநூறு மீட்டர் போயிருப்போம். பின்னால் வைஷ்ணவியின் குரல் "ஜாயியே அங்கிள், ஜாயியே" என்று அவரைப் போகச் சொன்னது. என் வலப்பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் வந்தது.

"பெர்மிஷன் மேடம்" என்றார் வேணு.

நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். அவர் என்னைத் தாண்டினார். அடுத்து சுரேஷ்குமார். "பெர்மிஷன் சார்." "ப்ரொவிஷனலாத்தான் குடுக்கறேனுங்க" என்றார் சுரேஷ்குமார். இப்படி ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு பதவி உயர்வாகப் பெற்றுக்கொண்டு வேணு மேலே போனார். முப்பத்தாறு வருடத்தில் கிடைக்காத வேகம். சேஷு சார் பாதையைவிட்டே புல்லில் இறங்கி வழி கொடுத்தார். ராஜம் மேடம், "போங்கோ வேணு, ஜல்தி, பாலம் வந்துடுத்து" என்றார்.

அத்தோடு நின்றது. ஜகந்நாதன் சாரின் பின்சக்கரத்துக்கு இரண்டடி பின்னால் வேணு. சார் எங்கேயும் அவசரமில்லாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு நடந்து வந்த ஓர் அம்மாள் எங்கள் பன்னிரண்டு பேரையும் தாண்டிப் போனார். தூரத்தில் பாலம் தெரிந்தது. அதன் மேல் தோமர், டயரியைத் திறந்து வைத்துக்கொண்டு. வேணு வலப்பக்கம் ஒதுங்குவார், சார் கொஞ்சம் அசைந்தால் உடனே பின்னால் வந்துவிடுவார். மறுபடி ஒதுங்குவார். மறுபடி பின்னால். பாலத்துக்கு நூறு அடி இருக்கும். ராஜம் மேடம் வாயைத் திறந்தார். ஜகந்நாதன் சாரிடம் அவரே சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் மூடிக்கொண்டார். பதவியில் அவருக்கும் சார் மேலே அல்லவா.

திடீரென்று வேணு சைக்கிளைவிட்டு இறங்கினார்.

முடிந்தது, காகிதத்தைக் கொடுக்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இறங்கிய வேகத்தில், சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடியே அவர் ஓடத் தொடங்கினார். கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் குனிந்துகொண்டு போவார்களே, அப்படி முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜகந்நாதன் சாரின் பக்கவாட்டில் ஓடினார்.

"மன்னிக்கணும் சார். ஒரு நிமிஷம் சார்."

"என்ன வேணு, பஞ்சரா?" என்றார் ஜகந்நாதன் சார்.

"இல்ல சார். கைடு முன்னால போகணும்னு உத்தரவு சார்."

"யாரோட உத்தரவு?"

"பார்க்குக்காரங்க சார்."

"எழுத்துல இருக்கா?"

"பாரா மூணு சார்."

சார் ஒரு கணம் யோசித்தார். யோசிக்கும்போதும் பெடல் சுற்றிக்கொண்டிருந்தது. "பாரா மூணுன்னா போயிண்டே இருக்க வேண்டியதுதானே. இத்தனை நாளா ஏன் போகலே? முன்னாடி பாதை எங்க திரும்பறதுன்னே நேக்குச் சரியாத் தெரியறதில்லே."

 வேணு இன்னும் குனிந்தபடியே நான்கு எட்டு முன்னால் ஓடி, சாரின் சக்கரத்தைத் தாண்டி, அப்புறம்தான் முதுகை நிமிர்த்தினார். அவர் காலடி பட்டுப் பாலத்தின் பலகைகள் தடதடவென்றன. தோமர் முதலில் வேணுவைப் பார்த்தார், பிறகு அவர் ஏறாமல் தள்ளிக்கொண்டு போகும் சைக்கிளைப் பார்த்தார், பிறகு பின்னால் வரிசையாக வந்த எங்களைப் பார்த்தார். வழிகாட்டி முன்னால்தான் போகிறார். அதில் சந்தேகமில்லை. டயரியில் ஏதோ எழுதி மூடிவிட்டு, பாலத்துக் கைப்பிடியோடு ஒட்டி நின்று, "ஜாயியே, ஜாயியே" என்று வழிவிட்டார்.

பாலத்தைத் தாண்டினோம். வேணு நிற்கவில்லை. அவருடைய ஓட்டத்தின் வேகத்துக்கு ஜகந்நாதன் சார் ஓட்டினார், சாரின் வேகத்துக்கு நாங்கள் ஓட்டினோம். ஹெல்மெட்டுக்குக் கீழே குரங்குக் குல்லாய் நனைந்துவிட்டது. முன்னால் பாதை நேராக, ஆளில்லாமல் கிடந்தது.

"வேணு, மூச்சு வாங்கறது பாரு நோக்கு. ஏறி உக்காரு" என்றார் பின்னாலிருந்து ஜகந்நாதன் சார்.

வேணு திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டே வலது கையைச் சீட்டின் மேல் வைத்து, அங்கே படிந்திருந்த தூசியை ஒருமுறை துடைத்தார்.

"இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.